செயிண்ட் ஓமர் படம் பாத்தவங்க வாங்க, லோரான்ஸ் கோலிய பத்தி பேசணும் (கதை முழுக்க சொல்லிருக்கேன்)

நடுராத்திரி சினிமா:

இந்தப் படத்துக்கு இங்க தனி இழையே இல்ல, அதான் ஆரம்பிக்கிறேன். ஆலிஸ் தியோப் எடுத்த பிரெஞ்சுப் படம், 2022 வெனிஸ் திரைப்பட விழால கிராண்ட் ஜூரி பரிசும் முதல் படத்துக்கான விருதும் ரெண்டையும் சேத்து வாங்குச்சு, அடுத்த வருஷம் பிரான்ஸோட செசார் விருதுலயும் சிறந்த முதல் படம். முதல் படம்னா முதல் கதைப்படம், அதுக்கு முன்னாடி பல வருஷமா டாக்குமெண்டரி தான். அப்பா அம்மா செனகல்ல இருந்து வந்தவங்க, இவங்க பொறந்தது பாரிஸை ஒட்டின ஓல்னே-சூ-புவா.

கதை இவ்ளோ தான். செனகல் தலைநகர் டக்கார்ல இருந்து படிக்க வந்த லோரான்ஸ் கோலி, பதினஞ்சு மாசப் பொண்ணு லிலிய தூக்கிட்டு ரயில் ஏறி பெர்க்-ன்னு ஒரு வடக்குக் கடற்கரை ஊருக்குப் போறா, ராத்திரி கடல் ஏறி வர்ற நேரத்துல பால் குடுத்து மணல்ல படுக்க வெச்சுட்டு திரும்பி வந்துடறா. படம் மொத்தமும் அந்த வழக்கு. யார் செஞ்சாங்கன்னு கேள்வியே இல்ல, அவளே ஒத்துக்கறா. ஏன் செஞ்சேன்னு நீதிபதி கேக்கறப்போ, எனக்கே தெரியல, இந்த விசாரணை எனக்கு அத சொல்லித்தரும்னு நம்பறேன்னு பதில் சொல்றா. அதக் கேட்டுட்டு ஒருத்தி உக்காந்துட்டு இருக்கா, ராமா, எழுத்தாளர், காலேஜ்ல பாடம் எடுக்கறவ, அவளும் செனகல் குடும்பம் தான், நாலு மாசம் கர்ப்பம், வீட்டுல அம்மாகிட்ட கூட சொல்லல.

இது நிஜ வழக்கு. 2013 நவம்பர்ல நடந்தது, 2016 ஜூன்ல செயிண்ட் ஓமர் ஊர்ல விசாரணை, 20 வருஷம் தண்டனை, அடுத்த வருஷம் அப்பீல்ல அது 15 ஆச்சு. தியோப் அந்த விசாரணைக்கு நேர்ல போய் உக்காந்து கேட்டவங்க. படத்துல கோர்ட்ல வர்ற பேச்சுல பெரும்பகுதி அங்க நிஜமா பேசுனத வெச்சு எழுதுனது.

எனக்கு சொல்ல வேண்டியது ஒண்ணு தான். எல்லாரும் இத இனவெறி பத்தின படம், தாய்மை பத்தின படம்னு சொல்றாங்க, இருக்கட்டும். எனக்கு இது ஒரு மனுஷி எப்படி யார் கண்ணுக்கும் படாம போனாங்கறத பத்தின படம். தன்ன விட ரொம்ப வயசான ஒரு வெள்ளைக்காரரோட, சிற்பி, லுயுக் துமோந்தே-ன்னு பேர், அவரோட வீட்டுல இருக்கா. அவர் தன் குடும்பத்துல யார்கிட்டயும் இவள முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினதில்ல. யுனிவர்சிட்டி போறது நின்னு போச்சு, ஊர்ல இருந்து அப்பா அனுப்புன பணம் நின்னு போச்சு, வீட்ட விட்டு வெளிய போறதே நின்னு போச்சு. தனியா வீட்டுலயே பிரசவம். பொறந்தத எந்த ஆபீஸ்லயும் பதியல. அப்போ யோசிச்சுப் பாருங்க, பிரான்ஸ் கணக்குல அந்தக் கொழந்தை செத்ததுக்கு அப்புறம் தான் பொறந்திருக்கு. அந்த அம்மாவும் கைதானதுக்கு அப்புறம் தான் எல்லாருக்கும் தெரியறா, திடீர்னு மொத்த கோர்ட்டும் அவளையே பாக்குது, வார்த்தை வார்த்தையா கவனிக்குது, பேப்பர்ல எழுதுது. அந்தக் கவனத்துல நூத்துல ஒரு பங்கு ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது குடுத்திருந்தா?

இன்னொண்ணு, அவ பேசற பிரெஞ்சு. அவ்ளோ சுத்தமா பேசறா. ராமாகிட்ட பதிப்பகத்துல இருந்து போன்ல கேக்கறாங்க, ரொம்ப நல்லா பேசறாளாமேன்னு. படிச்ச பொண்ணு மாதிரி பேசறா, அவ்ளோ தான்னு ராமா சொல்றா. எனக்கு அந்த இடம் சுருக்குனு இருந்துச்சு. அழுதுகிட்டே உடைஞ்ச பிரெஞ்சுல பேசிருந்தா அவங்களுக்குப் பழக்கமான ஒரு பாவப்பட்ட ஆப்பிரிக்கப் பொண்ணா இருந்திருப்பா. நல்லா பேசறதாலேயே நடிக்கறான்னு ஆகிடுது.

கோவை கபாலி:

சகோ முழுசா படிச்சேன், படமும் பாத்தேன், நேரா சொல்றேன் எனக்கு ஒத்துக்க முடியல. பதினஞ்சு மாசம்னா என்ன தெரியுமா, அம்மான்னு கூப்பிடற வயசு, நடக்க ஆரம்பிச்சிருக்கும், முகம் பாத்து சிரிக்கும். அந்தக் கொழந்தைய ரயில்ல கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றதுக்கு ஒரு நாள் முழுக்க நேரம் இருந்துச்சு இவளுக்கு, வழியில எந்த இடத்துலயும் திரும்பிருக்கலாம். தனிமைல இருக்கற அம்மாக்கள் உலகம் பூரா கோடிக்கணக்குல இருக்காங்க, எல்லாரும் இதையா பண்றாங்க? படம் ரெண்டு மணி நேரம் இவ முகத்தையே காட்டுது, லிலிய பத்தி நாம கேக்கறது எல்லாம் அடுத்தவங்க வாய் வழியாத்தான். யார் கண்ணுக்கும் படாம போனவ லோரான்ஸ்னு சொல்றீங்களே, அந்தக் கொழந்தைய படமும் தானே பாக்கல.

பிரேமுக்கு வெளியே:

கபாலி அண்ணே சொல்றது நியாயமான கேள்வி, அதுக்கு நான் கேமரா வழியா பதில் சொல்றேன்.

ஒளிப்பதிவு கிளேர் மாத்தோன். கோர்ட் சீன்ல கேமரா அசையவே மாட்டேங்குது. லோரான்ஸ் கூண்டுல நிக்கறா, பின்னாடி மரப்பலகை சுவர், அவ போட்டிருக்கற மேல்சட்டையும் கிட்டத்தட்ட அதே பழுப்பு, அவ தோலும் அந்த நிறத்தோட ஒண்ணாகிடுது, பாத்தா சுவத்துக்குள்ள இருந்து ஒரு முகம் மட்டும் வெளிய வந்து பேசற மாதிரி இருக்கும். நிமிஷக்கணக்கா கட் இல்ல. நீதிபதி கேள்வி கேப்பாங்க, நம்ம கண்ணு நீதிபதிய தேடும், கேமரா போகாது. நாம வழக்கமா பாக்கற கோர்ட் படத்துல ஒவ்வொரு பதிலுக்கும் எதிர்த்தரப்பு முகம், ஜூரி முகம்னு வெட்டி வெட்டி எங்க கோபப்படணும் எங்க அழணும்னு சொல்லிக் குடுத்துடுவாங்க. இங்க அது எதுவும் இல்ல, நீயே கேட்டுக்கோ, நீயே முடிவு பண்ணிக்கோன்னு விட்டுடுது. அதனால தான் போரடிக்குதுன்னு பாதிப் பேர் எழுந்து போறாங்கன்னு நினைக்கிறேன்.

கொழந்தைய காட்டாதது வேணும்னே செஞ்சது தான். சிரிக்கற கொழந்தையோட ஒரு பிளாஷ்பேக் வெச்சா நாம எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு எழுதிட்டு வெளிய வந்துடுவோம். கோர்ட்ல இருக்கற ஜூரிக்கு அந்த பிளாஷ்பேக் கிடையாது, வார்த்தை மட்டும் தான். நமக்கும் அது மட்டும் தான் குடுக்கறாங்க.

பாட்டு கவனிச்சீங்களா, கரோலின் ஷாவோட குரல் இசை, வார்த்தையே இல்லாம மூச்சும் முனகலும். ராமா ஹோட்டல் ரூம்ல பழைய படம் ஒண்ணு லேப்டாப்ல பாக்கறா, பசோலினியோட மெடியா, மரியா கல்லாஸ் நடிச்சது. சொந்தப் பிள்ளைகள கொல்ற அம்மா, அதுவும் வேத்து நாட்டுல இருந்து வந்தவ, புருஷன் கைவிட்டவ. ரெண்டாயிரத்தி நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதென்ஸ்ல மேடையேறின கதை. திரைக்கதைல மரி எந்தியாயும் இருக்காங்க, 2009ல கோன்கூர் பரிசு வாங்குன எழுத்தாளர், அந்தக் கை தெரியுது.

மதுரை வக்கீல்:

நான் கிரிமினல் சைடுல பிராக்டிஸ் பண்றேன், அதனால நடைமுறை பத்தி கொஞ்சம். படம் பாத்துட்டு நிறைய பேர் கேட்டது, ஏன் நீதிபதியே எல்லா கேள்வியும் கேக்கறாங்க, வக்கீல் குறுக்கு விசாரணை எங்கன்னு.

நம்ம ஊர் முறை இங்கிலாந்துல இருந்து வந்தது, ரெண்டு தரப்பு மோதும், நடுவுல நீதிபதி. பிரான்ஸ்ல அப்படி இல்ல. முதல்ல விசாரணை நீதிபதின்னு ஒருத்தர் மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல விசாரிச்சு ஒரு பெரிய கோப்பு தயார் பண்ணுவார். பெரிய குற்றம்னா அது கூர் தசீஸ்-ங்கற கோர்ட்டுக்குப் போகும். அங்க தலைமை நீதிபதி அந்தக் கோப்ப கரைச்சுக் குடிச்சுட்டு வந்து குற்றம் சாட்டப்பட்டவங்க கிட்ட நேரடியா கேப்பாங்க, நீ எங்க பொறந்த, உங்க அம்மா எப்படி, படிப்ப ஏன் விட்டன்னு ஆரம்பத்துல இருந்து. ஆளோட மொத்த வாழ்க்கையும் விசாரணைல வரும். நம்ம கோர்ட்ல இதுல முக்கால்வாசிக்கு வழக்குக்கு சம்பந்தமில்லன்னு அப்ஜெக்‌ஷன் வரும். இந்தப் படம் பிரான்ஸ்ல மட்டும் தான் இப்படி இருக்க முடியும்.

தீர்ப்பு சொல்றது 3 நீதிபதி, அவங்களோட சீட்டு குலுக்கி எடுத்த 6 சாதாரண ஜனங்க. அப்பீல்ல 9 பேர். படத்தோட ஆரம்பத்துல பேர் கூப்பிட கூப்பிட வக்கீலுங்க சிலர வேண்டாம்னு சொல்றாங்களே, காரணம் சொல்லாமலே அரசுத் தரப்பு 3 பேரையும் எதிர்த்தரப்பு 4 பேரையும் தள்ளலாம். முதல் விசாரணைல முடிவும் தண்டனையும் ரெண்டுமே அந்த 3 நீதிபதியும் 6 ஜனங்களும் ஒன்பது பேரா சேந்து ரகசியமா ஓட்டுப் போட்டுத்தான். இந்த வழக்கு நடந்த சமயத்துல குற்றவாளின்னு சொல்ல ஒன்பதுல ஆறு ஓட்டு வேணும்.

முக்கியமானது, பிரெஞ்சு தண்டனைச் சட்டம் 122-1. செய்யறப்போ புத்தி சுத்தமா நிதானத்துல இல்லன்னா தண்டனையே கிடையாது. புத்தி பாதிக்கப்பட்டிருந்துச்சு ஆனா முழுசா போகலன்னா, தண்டனை உண்டு, குறைக்கணும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றமா இருந்தா அது 30 வருஷமா குறையும்னு 2014ல சட்டத்த திருத்துனாங்க. நம்ம சட்டத்துல முதல் பாதி மட்டும் தான் இருக்கு, பழைய ஐபிசி 84, இப்போ பிஎன்எஸ் 22. நடுவுல ஒரு படி கிடையாது, பைத்தியமா இல்லையான்னு ரெண்டே ரெண்டு கதவு. இங்கிலாந்துல 1938 சட்டப்படி ஒரு வயசுக்குள்ள கொழந்தைய கொன்ன அம்மா பிரசவத்தோட பாதிப்புல இருந்தான்னா அது கொலை இல்ல, தனிக் குற்றம். பிரான்ஸ்லயும் பச்சைக் கொழந்தைக் கொலைக்குத் தனிப் பிரிவு இருந்துச்சு, 1994ல புதுச் சட்டம் வந்தப்போ எடுத்துட்டாங்க.

நிஜ வழக்குல அரசுத் தரப்பு கேட்டது 18 வருஷம், கோர்ட் குடுத்தது 20. அத மட்டும் யோசிச்சுப் பாருங்க.

கோவை கபாலி:

மேடம் நல்லா விளக்குனீங்க நன்றி. அப்போ அந்த செய்வினை விஷயம்? கோர்ட்ல எனக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க, டக்கார்ல இருக்கற அத்தைங்க தான்னு ஏதோ சொல்றாளே. தத்துவம் படிச்ச பொண்ணு. விட்கென்ஸ்டைன்னு ஒரு ஐரோப்பிய தத்துவவாதி பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு சொன்னவ. இத நம்பறதா வேண்டாமா?

வார்டு நம்பர் ஏழு:

கபாலி அண்ணா நான் மனநல வார்டுல நர்ஸ், சென்னை. உங்க கேள்வி தான் அந்த ஜூரிக்கும் வந்திருக்கும்.

முதல்ல ஒண்ணு, இத பிரசவத்துக்குப் பின்னாடி வர்ற சைக்கோசிஸ்னு நெட்ல நிறைய பேர் எழுதறாங்க. அது ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்றது, பெரும்பாலும் முதல் சில வாரத்துலயே வந்துடும், தூக்கம் போயிடும், பேச்சு குழறும், பாக்கறவங்களுக்கே தெரிஞ்சுடும். பதினஞ்சு மாசம் கழிச்சு திட்டம் போட்டு ரயில் ஏறிப் போறது அந்த மாதிரி இல்ல. வேற ஒண்ணு இருக்கு. நம்பிக்கை மட்டும் கோணிப்போய் மத்தது எல்லாம் தெளிவா இருக்கற நிலை. பேச்சு அழகா இருக்கும், கணக்குப் போடுவாங்க, புஸ்தகம் படிப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகமும் வராது, ஆனா யாரோ எனக்கு கெடுதல் பண்றாங்கங்கற ஒரு இடத்துல மட்டும் யார் சொன்னாலும் அசைய மாட்டாங்க. எங்க வார்டுல பேங்க் ஆபீசர், டீச்சர் எல்லாம் பாத்திருக்கேன். படிச்சவங்க இப்படி நம்ப மாட்டாங்கன்னு நினைக்கறது தப்பு, படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரெண்டாவது, நோயோட வேகம் எங்க இருந்தும் வரலாம், ஆனா அது போட்டுக்கற உடுப்பு அவங்கவங்க ஊர்ல இருந்து தான் வரும். இங்க செய்வினை, பக்கத்து வீட்டு எலுமிச்சம்பழம், இல்லன்னா போன்ல சிப் வெச்சுட்டாங்கன்னு. செனகல்ல வளந்த பொண்ணுக்கு மராபூ, அந்த ஊர் மந்திரவாதி மாதிரி. அதனால இது நோயா கலாச்சாரமான்னு கோர்ட் ரெண்டுல ஒண்ண கேக்கறதே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆள்குள்ள இருக்கு. எனக்கு வலிச்சது வேற, இத்தனை நாள் வீட்டுக்குள்ள சுவத்தப் பாத்துட்டு இருந்தப்போ ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் கூட பாக்கல. பதிவு பண்ணிருந்தா தடுப்பூசிக்காவது கூட்டிட்டுப் போயிருப்பா, யாராவது ஒருத்தி முகத்தப் பாத்து ஏம்மா இப்படி இருக்கேன்னு கேட்டிருப்பா. அது ஒரு கேள்வி தான், ஆனா நான் சொல்றேன், அந்தக் கேள்வில எத்தனையோ பேர் உடைஞ்சு அழுது சிகிச்சைக்கு வந்திருக்காங்க.

லாச்சப்பல் வாசி:

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன், யாழ்ப்பாணம் சொந்த இடம். இந்தப் படத்தைப் பற்றி தமிழில ஆராவது கதைப்பினம் எண்டு நினைக்கேல்ல, சந்தோசமா இருக்கு.

நர்ஸ் தங்கச்சி சொன்னதிலயிருந்து துவங்கிறன். இஞ்ச பிள்ளை பிறந்தா பிஎம்ஐ எண்டு அரசாங்கத்தின்ர தாய் சேய் நிலையம் எல்லா இடத்திலயும் இருக்கு, காசில்லை, ஆறு வயது மட்டும் பாப்பினம், வீட்டுக்கும் வருவினம். பேப்பர் இல்லாத ஆக்களுக்கும் தான். அப்ப ஏன் போகேல்ல எண்டு நீங்கள் கேப்பியள். போறதுக்கு முதல் பேர் பதிய வேணும், பதிய வேணுமெண்டா அப்பான்ர பேர் கேப்பினம், உன்ர கார்த் த செஜூர், அதுதான் வதிவிட அனுமதி அட்டை, எங்க எண்டு கேப்பினமோ எண்டு ஒரு பயம். கேக்க மாட்டினம், ஆனா பயம் இருக்குத்தானே. அந்த அட்டை குடுக்கிற ப்ரெபெக்தூர் கந்தோருக்கு முன்னால விடிய நாலு மணிக்கு வரிசையில நிண்டவைக்கு அந்தப் பயம் விளங்கும். எந்தக் கந்தோரைக் கண்டாலும் அதுதான் நினைவுக்கு வரும்.

போலீசு முதல் வெளியில விட்ட படம் பாரிசில இருக்கிற கார் து நோர் ரயில் ஸ்டேசன் கமெராவில விழுந்தது. பிள்ளையைத் தள்ளுவண்டிலில வைச்சுக்கொண்டு போற ஒரு கறுப்புப் பெண். ஆலிஸ் தியோப் அந்தப் படத்தைப் பேப்பரில பாத்த உடன இவ செனகல் தான் எண்டு தனக்குத் தெரிஞ்சது எண்டு பேட்டியில சொல்லியிருக்கிறா, அங்கயிருந்து தான் இந்தப் படமே துவங்கினது. அந்த ஸ்டேசனில இருந்து லாச்சப்பலுக்கு அஞ்சு நிமிச நடை, எங்கட கடையள் எல்லாம் அங்க தான், ஒவ்வொரு கிழமையும் மரக்கறி வாங்கப் போற வழி. அந்தச் சனத்துக்குள்ள எத்தினை பேர் அவவைத் தாண்டிப் போயிருப்பினம்.

இனி நடுராத்திரி தம்பி சொன்னதுக்கு ஒரு மறுப்பு. வெள்ளைக்காரர் அவவைக் காணேல்ல எண்டது உண்மை. ஆனா அவவின்ர சொந்த ஆக்கள் கண்டவையோ? படத்தில லோரான்சின்ர தாய் ஒடில் வாறா, கோட்டுக்கு நல்லா உடுத்துக்கொண்டு. மகளைப் பற்றி எந்தப் பேப்பரில என்ன எழுதியிருக்கு எண்டு வாங்கிப் பாக்கிறா, மகள் எவ்வளவு நல்லா கதைக்கிறாள் எண்டு அவவுக்கு ஒரு பெருமை. கொலை வழக்கில நிக்கிற பிள்ளையைப் பாத்து! சின்னனில அந்தப் பிள்ளையைத் தங்கட செனகல் பாசை வோலோவ் கதைக்க விடேல்ல, பிரெஞ்சு மட்டும் தான், எல்லாரையும் விட மேல வரவேணும் எண்டு. அந்தக் காட்சியில எனக்கு நெஞ்சு அடைச்சது. எங்கட வீடுகளில இது நடக்கிறேல்லயோ? டொக்டர் ஆக வேணும், இஞ்சினியர் ஆக வேணும், அகதியா வந்து நாங்கள் ஹோட்டலில கோப்பை கழுவினது உனக்காகத்தான். அந்தப் பிள்ளை சோதினையில விட்டா, ஆரையும் விரும்பி வீட்ட விட்டுப் போனா, பேந்து திரும்பி வர வழி வைக்கிறேல்ல. தோத்துப்போனன் அம்மா எண்டு சொல்ல ஒரு வாசல் இருக்க வேணும். லோரான்சுக்கு டக்காரிலயும் அந்த வாசல் இல்லை, பாரிசிலயும் இல்லை.

அந்தப் புரொபசர் பெண் சாட்சி சொல்ல வந்து, ஒரு ஆபிரிக்கப் பெண்ணுக்கு விட்கென்ஸ்டைன் ஏன், தன்ர கலாசாரத்துக்குக் கிட்டின ஒண்டைப் படிக்கலாமே எண்ட மாதிரிக் கதைப்பா. அதை இஞ்ச பள்ளிக்கூடத்தில மரியாதையான சொல்லுகளில எங்கட பிள்ளையளுக்கும் சொல்லுவினம். என்ர மகளுக்கு தொழிற்கல்விப் பக்கம் போகச் சொன்னவை, மாக்ஸ் நல்லா இருந்தும்.

பிரேமுக்கு வெளியே:

அக்கா நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். அந்த ஒடில் தான் ராமா கர்ப்பமா இருக்கான்னு பாத்த உடனே கண்டுபிடிக்கறாங்க இல்ல, யாரும் சொல்லாமலே. டக்கார்ல இருந்து சொந்த மகள்கிட்ட போன்ல பேசியும் ஒரு பேத்தி இருக்கறதே தெரியாம இருந்தவங்க, எதிர்ல உக்காந்து சாப்பிடற வேத்துப் பொண்ணப் பாத்து கண்டுபிடிக்கறாங்க. நீங்க சொன்ன வாசல் விஷயம் அந்த ஒரு சீன்ல மொத்தமா இருக்கு.

ரெண்டு பிள்ளை அம்மா:

மிஸஸ் சட்டர்ஜி வெர்சஸ் நார்வே பாத்தவங்க யாராவது ஒப்பிட்டு சொல்லுங்களேன். அதுவும் வெளிநாடு, அம்மா, கோர்ட் தான். எனக்கு அது பாத்து அழுகை தாங்கல, இது பாத்து ஒரு சொட்டு கண்ணீர் வரல ஆனா நாலு நாளா வேற வேலை ஓடல.

நடுராத்திரி சினிமா:

அக்கா நல்ல ஒப்பீடு. 2011ல ஸ்டாவங்கர்ல ஒரு வங்காளிக் குடும்பத்துல ரெண்டு கொழந்தைகள குழந்தை நலத்துறை எடுத்துட்டுப் போன நிஜ சம்பவம், 2013ல கல்கத்தா ஐகோர்ட் மூலமா அம்மாவுக்குத் திரும்பக் கிடைச்சுது. அங்க அம்மா பக்கம் நியாயம் இருக்குன்னு நமக்கு முதல் சீன்லயே தெரியும், கையால ஊட்டறது, பக்கத்துல படுக்க வெக்கறது இதையெல்லாம் போய் குத்தம் சொல்றாங்களேன்னு நமக்குக் கோபம் வரும், ராணி முகர்ஜியோட சேந்து கத்தலாம். அந்த அழுகைல ஒரு நிம்மதி இருக்கு. இங்க நிக்கற பொண்ணு நிஜமாவே அத செஞ்சிருக்கா. நல்ல அம்மாவ தப்பா புரிஞ்சுகிட்டாங்கன்னு சொல்லி தப்பிக்க முடியாது. ஒரு வெளிநாட்டுப் பொண்ண மனுஷியா பாக்கறதுக்கு அவ நல்லவளா இருந்தே ஆகணுமான்னு இந்தப் படம் கேக்குது, அது ரொம்ப கஷ்டமான கேள்வி.

லாச்சப்பல் அக்கா, உங்க மறுப்ப ஏத்துக்கறேன், ஆனா ஒரு இடத்துல விட்டுக்குடுக்க மாட்டேன். குடும்பம் கைவிட்டது ரெண்டு கரைலயும் நடந்துச்சு சரி. ஆனா பக்கத்துல இருந்தவர் லுயுக். சாட்சிக்கு வந்து அழறார், நான் அவள நல்லாத்தான் பாத்துகிட்டேன்னு. நீதிபதி மெதுவா கேக்கக் கேக்க, கொழந்தை இருக்கறத இவர் யார் யார்கிட்ட சொன்னார்னு பாத்தா ஒண்ணும் இல்ல. கொழந்தை காணோம்னதும், ஊருக்குப் பாட்டிகிட்ட அனுப்பிட்டேன்னு அவ சொன்னத அப்படியே நம்பிட்டு இருந்துட்டார். பெத்த அப்பன். கூண்டுல நிக்கறது ஒருத்தி மட்டும் தான்.

கோவை கபாலி:

லுயுக் விஷயத்துல நானும் உங்க பக்கம் தான், அந்த ஆள பாக்கப் பாக்க எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. பெத்த அப்பன் ஒரு தடவ போன் பண்ணி பொண்ணு குரல கேக்கணும்னு நினைக்கல.

ஆனா கடைசில அந்த வக்கீலம்மா பேசற வாதம் எனக்கு ஒத்து வரல. நேரா கேமராவ பாத்து பேசறாங்க, வயித்துல கொழந்தை இருக்கறப்போ கொழந்தையோட செல் அம்மா ஒடம்புக்குள்ளயும் அம்மாவோட செல் கொழந்தைக்குள்ளயும் போயிடும், வருஷக்கணக்கா அங்கயே இருக்கும், அதனால நாம எல்லாரும் கைமேரா, பல உயிர் கலந்த ஒரு உடம்பு, பெண்கள் எல்லாரும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர்னு. கோர்ட்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் அழறாங்க. அது அழகான பேச்சு தான், ஆனா அந்தக் கொழந்தையோட செல் இவ ஒடம்புல இருக்கறதால அது சாகலன்னு ஆகிடுமா? அறிவியல எடுத்து மனச உருக்கறதுக்கு வெச்ச மாதிரி இருந்துச்சு.

வார்டு நம்பர் ஏழு:

அறிவியல் சரிதான் அண்ணா, ஆண் கொழந்தை பெத்து இருபது முப்பது வருஷம் ஆன அம்மாக்கள் ரத்தத்துல கூட அந்த செல் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா அதுல இருந்து எந்த தண்டனைக்கும் வழி கிடையாதுங்கறதுல உங்களோட ஒத்துப்போறேன். எனக்கு அந்தப் பேச்சு லோரான்ஸுக்காக இல்ல, ராமாவுக்காக வெச்சதுன்னு தோணுச்சு. அவளுக்கு தன்னோட அம்மாவ பத்தி ஒரு பயம் இருக்கு, ஆபீஸ் க்ளீனிங் பண்ணிட்டு வந்து வாய் தொறக்காம உக்காந்திருந்த அம்மா, கிட்ட வராத அம்மா. அந்த அம்மா எனக்குள்ளயும் இருந்தா என் கொழந்தைய நான் எப்படி வளப்பேன்னு. கோர்ட்ல ஒரு கட்டத்துல லோரான்ஸ் திரும்பி ராமாவ பாத்து லேசா சிரிக்கறா, ராமாவுக்கு மூச்சு முட்டி அழுகை வந்துடுது. முதல் தடவ கர்ப்பமா இருக்கறவங்க எத்தனை பேர் எங்க ஓபில வந்து இதே பயத்த வேற வார்த்தைல சொல்றாங்க தெரியுமா, எங்கம்மா மாதிரி ஆகிடுவேனோன்னு.

மதுரை வக்கீல்:

நான் ஒரு இடத்துல டைரக்டரோட சண்டை போடுவேன். தீர்ப்ப காட்டல. தத்துவமா சரியா இருக்கலாம், பாக்கறவங்க தான் தீர்ப்பு சொல்லணும்னு விட்டாங்கன்னு சொல்லலாம். ஆனா நிஜத்துல அந்தப் பொண்ணுக்கு ஒரு தீர்ப்பு வந்துச்சு. அரசுத் தரப்பு கேட்டதுக்கும் மேல ரெண்டு வருஷம். அப்பீல்ல அஞ்சு வருஷம் குறைஞ்சுது. ஒரே உண்மைகள், ஒரே பொண்ணு, வேற ஒன்பது ஜனங்க, வேற நீதிபதிங்க, அஞ்சு வருஷ வித்தியாசம். கேக்கறவங்க யாருங்கறத பொறுத்து அந்தக் கதை எப்படி மாறுதுன்னு அந்த ரெண்டு நம்பர் சொல்லிருக்கும், அத விட்டுட்டாங்க. ராமா பெட்டிய இழுத்துட்டு அந்த ஊருக்குள்ள நடக்கறப்போ ஜன்னல்ல இருந்து பாக்கறாங்களே, அந்த ஊர்க்காரங்கள்ல இருந்து தான் ஜூரி வர்றாங்க. அதே பா-து-கலே மாவட்டத்துல 2022 அதிபர் தேர்தல் ரெண்டாவது சுத்துல ஜெயிச்சது தீவிர வலதுசாரி வேட்பாளர் லெ பென்.

கபாலி சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதீங்க. சீட்டு குலுக்குனதுல உங்க பேர் வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு சீட்டு குடுப்பாங்க. முதல்ல குற்றவாளியா, ஆமா இல்ல. ரெண்டாவது, புத்தி பாதிக்கப்பட்டிருந்துச்சா. என்ன எழுதுவீங்க?

கோவை கபாலி:

கோபம் எல்லாம் இல்ல மேடம். முதல் சீட்டுல ஆமான்னு எழுதுவேன், அதுல எனக்கு ஒரு நிமிஷம் கூட யோசனை இல்ல, லிலிக்காக அத எழுதியே ஆகணும். ரெண்டாவதுலயும் ஆமா. நர்ஸம்மா சொன்னத கேட்டதுக்கு அப்புறம் இல்லன்னு எழுத கை வராது. அப்போ வருஷம் எவ்ளோன்னு கேப்பீங்க. 20 ரொம்ப அதிகம். 15ஆ இல்ல அதுக்கும் கம்மியான்னு இன்னும் தெரியல. ஜெயில்ல வைத்தியம் உண்டா, அது முதல்ல சொல்லுங்க, அத தெரிஞ்சுகிட்டு தான் நம்பர் எழுதுவேன்.

லாச்சப்பல் வாசி:

அப்பீல் தீர்ப்பில சிறைக்குப் பிறகும் கோட்டின்ர கண்காணிப்பில இருக்க வேணும் எண்டு சேத்தவை, கபாலி அண்ணை. சிறைக்குள்ள மனநல வைத்தியம் இஞ்ச ஆஸ்பத்திரியள் தான் குடுக்கிறவை, ஆனா டொக்டர்மார் காணாது. அவையவையின்ர மொழி தெரிஞ்ச ஆக்களோட இருந்து வைத்தியம் செய்யிற இடம் ஒண்டு பாரிசுக்குப் பக்கத்தில பொபினியில, அவிசென் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கு, அந்தப் பகுதி 1979இல துவங்கினது, பிறநாட்டு ஆக்களின்ர நம்பிக்கையளைத் தள்ளி வைக்காமல் மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில இருத்தி குடும்பத்தோட கதைப்பினம். எங்கட சனம் கொஞ்சப் பேர் போறவை. இதை வாசிக்கிற ஆரும் பாரிஸ் பக்கம் பிள்ளை பெத்துப்போட்டு ஒருத்தரோடயும் கதைக்க ஏலாமல் இருந்தா பிஎம்ஐக்குப் போங்கோ, பேப்பர் கேக்க மாட்டினம். தனியப் போகப் பயமெண்டா எனக்கு இதில தனிமடல் போடுங்கோ, நான் கூட வாறன்.